வாந்திபேதியும் இரத்தத்தின் காரமும்: சயாம் பாதையில் கிடைக்காமற்போன உப்புநீர்



ஆரம்பப்பள்ளி அறிவியல் பாடத்தில் அமிலம், காரம், நடுமை ஆகிய மூன்றையும் லிட்மஸ் தாளைக் கொண்டு பிரித்துக் காட்டுகிறோம். எலுமிச்சைச் சாற்றில் நீலத்தாள் சிவக்கிறது. சவர்க்கார நீரில் சிவப்புத்தாள் நீலமாகிறது. பிள்ளைகள் மகிழ்கிறார்கள், பாடவேளையும் முடிந்துவிடுகிறது. "நம் இரத்தம் அமிலமா, காரமா?" என்று ஒரு மாணவர் எழுந்து கேட்டால் விடை சுருக்கமானதுதான்: சிறிதளவு காரம். அந்தச் சிறு விடையை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாறு பெரும்பகுதி வாந்திபேதி என்னும் காலராவின் வரலாறாகவே இருக்கிறது. அவ்வரலாறு கெடாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நம்மவரையும் தொட்டுச் செல்கிறது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் தோன்றிற்று.

முதலில் உடலின் செய்தியைப் பார்த்துவிடுவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ரப்பர்ப் பாலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. அத்துகள்களைச் சூழ்ந்துள்ள புரதத்தின் மின்னேற்றம் அவற்றை விலக்கி வைக்கிறது. பாலில் ஃபார்மிக் அமிலத்தைச் சிறிது ஊற்றினால் அந்த மின்னேற்றம் குலைந்து பால் கட்டியாகிவிடும். நீண்ட நாள் பாலாகவே வைத்திருக்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள், அது காரம். பால் கொட்டகையில் வேலை செய்தவர் எவருக்கும் இது தெரியும். நம் இரத்தத்திலும் திசுக்களிலும் இருப்பவையும் புரதங்களே. உணவைச் சக்தியாக மாற்றும் நொதிகள், உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இதயத்தைச் சுருங்கச் செய்யும் தசைநார்கள் யாவும் அமில அளவு சற்றே மாறினாலும் தம் வேலையில் தடுமாறுகின்றன.

அந்த அளவைக் குறிக்க டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சோரன்சன் 1909-இல் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். 7 என்பது நடுமை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை மட்டுமே. மாணவர்க்கு இது மிகச் சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இந்த அளவுகோலில் 7.4 என்பது 7.1 ஆகக் குறைந்தால் இரத்தத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் இரு மடங்காகிவிட்டன என்று பொருள். 6.8-க்குக் கீழே இறங்கினால் உயிர் நிலைப்பது அரிது.

இத்தனைக்கும் உடல் இரவும் பகலும் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. உண்ட சோற்றை எரிப்பதனால் ஒரு நாளில் உண்டாகும் கரிவளி 300 லிட்டருக்கும் மேற்பட்டது. அது நீருடன் சேர்ந்தால் கார்பானிக் அமிலம். இதை நுரையீரல் மூச்சின் வழியே வெளியேற்றிவிடுகிறது. புரதம் சிதைவதனால் உண்டாகும் கந்தக அமிலம் போன்றவை மூச்சில் போகா. அவற்றைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அதற்கு அது பயன்படுத்தும் பொருள்களுள் முக்கியமானது அம்மோனியா என்பதைப் பால் கொட்டகையை நினைவில் வைத்திருப்பவர்கள் வியப்புடன் நோக்கலாம். நுரையீரலும் சிறுநீரகமும் வேலையை முடிக்கும் வரையில் இரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் என்னும் காரம் அமிலத்தைத் தாங்கிக்கொள்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள பைகார்பனேட்டை ஏறக்குறைய ஒரு துளியும் விடாமல் மீட்டுக்கொள்கின்றன. இந்தக் கையிருப்பு கரைந்தால் மனிதர் கரைவார். வாந்திபேதி செய்வது அதைத்தான்.

1817-இல் வங்காளத்தில் பெருகிய வாந்திபேதி சில ஆண்டுகளில் மலாக்கா நீரிணைத் துறைமுகங்களையும் வந்தடைந்தது. அடுத்த அலை ரஷ்யா வழியாக ஐரோப்பாவைக் கடந்து 1831-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் இறங்கியது. அங்கே நோயாளிகளைப் பார்க்கச் சென்றவர்களுள் வில்லியம் புரூக் ஓ'ஷானெஸி என்ற ஐரிஷ் இளைஞரும் ஒருவர். எடின்பரோவில் மருத்துவம் முடித்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அக்கால வைத்தியர்கள் வாந்திபேதி நோயாளியின் நாளத்தைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவதையும், பாதரச மருந்து கொடுப்பதையும் சிகிச்சையாகக் கொண்டிருந்தனர். ஏற்கெனவே வற்றிப்போன உடலிலிருந்து இரத்தத்தையும் எடுத்தால் என்ன மிஞ்சும்? ஓ'ஷானெஸி அந்த இரத்தத்தை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்தார். அதில் நீர் குறைந்திருந்தது; உப்புகள் குறைந்திருந்தன; இயல்பான இரத்தத்தில் இருக்கவேண்டிய காரம் சிலரிடம் அறவே இல்லை. இரத்தத்தில் காணாமற்போன சோடாக் காரம் நோயாளியின் கழிச்சலில் இருந்தது. இம்முடிவை அவர் லான்செட் இதழுக்கு 1831 டிசம்பரில் எழுதி அனுப்பினார். பி.எச். அளவுகோல் பிறக்க இன்னும் 78 ஆண்டுகள் இருந்தன. வாந்திபேதிக் கிருமியைக் கோக் கண்டறிய 50 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. என் கணிப்பில், உடலின் அமில-கார வரலாறு தொடங்குவது இந்தக் கடிதத்தில்தான்.

மறு ஆண்டே, 1832 மே மாதத்தில், ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா அக்கருத்தைச் செயலாக்கினார். சமையல் உப்பும் சோடாக் காரமும் கரைத்த வெந்நீரை, இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டியின் இரத்த நாளத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தினார். ஏறத்தாழ மூன்றரை லிட்டர் சென்றதும் ஒளி இழந்திருந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பியது, அம்மூதாட்டி பேசினார். லாட்டா ஓய்வெடுக்கச் சென்ற நேரத்தில் கழிச்சல் மீண்டும் தொடங்கியது. மறுபடி உப்புநீர் செலுத்தப்படாததால் அவர் சில மணி நேரத்தில் இறந்தார். போகும் நீருக்கு ஈடாகத் தொடர்ந்து கொடுக்கவேண்டும் என்ற பாடம் முதல் நோயாளியிடமே தெரிந்துவிட்டது. இருந்தும், லாட்டா 1833-இல் மறைந்தார். கைவிடப்பட்ட நோயாளிகளுக்கே இச்சிகிச்சை தரப்பட்டதாலும், கொதிக்க வைக்காத நீரினால் சீழ் பிடித்ததாலும் பலர் இறந்தனர். மருத்துவ உலகம் இதைப் பரணில் போட்டுவிட்டது. ஓ'ஷானெஸியோ 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வாந்திபேதியின் தாயகமான கல்கத்தாவுக்கே வந்தார். அங்கே வேதியியல் பேராசிரியரானார்; பின்னர் இந்தியா முழுவதும் தந்திக் கம்பி இழுத்த பெருமைக்கு உரியவரானார். வாந்திபேதி இரத்தத்தை அவர் மீண்டும் கையில் எடுத்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையில் வேறு திசைகளிலிருந்து அறிவு சேர்ந்தது. 1874-இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர், நீரிழிவு முற்றி மயங்கிக் கிடப்போர் மிக ஆழமாகவும் ஓயாமலும் மூச்சு விடுவதைக் குறித்து வைத்தார். இரத்தத்தில் சேர்ந்துவிட்ட அமிலத்தைக் கரிவளியாக வெளியேற்ற நுரையீரல் செய்யும் போராட்டமே அது என்பது பின்னரே விளங்கியது. கடும் வாந்திபேதியிலும் அதே மூச்சு காணப்படும். 1908-இல் அமெரிக்கரான ஹென்டர்சன் பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் இணைந்து இரத்தத்தைக் காப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1916-இல் டென்மார்க்கின் ஹாசல்பால்க் அதைச் சோரன்சனின் அளவுகோலுடன் பொருத்தினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சமன்பாடு இவ்விருவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

வாந்திபேதிக்கு நேரடியான விடை மணிலாவிலும் கல்கத்தாவிலும் கிடைத்தது. மணிலாவில் பணியாற்றிய செல்லார்ட்ஸ் 1910-இல் ஓர் எளிய சோதனையைச் செய்தார். நலமாக உள்ள ஒருவருக்குச் சிறிதளவு சோடா கொடுத்தாலே சிறுநீர் காரமாகிவிடும். வாந்திபேதி நோயாளிகளுக்கோ பல மடங்கு கொடுத்தும் சிறுநீர் காரமாகவில்லை. உடலில் காரப் பஞ்சம் அவ்வளவு ஆழமாக இருந்தது. கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் அடர்த்தியான உப்புநீரை நாளத்தில் செலுத்தி, நூற்றுக்கு அறுபது என்றிருந்த சாவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருந்தார். எனினும், பிழைத்தவர்களிற் சிலர் சிறுநீர் அடைத்து இறந்தனர். உப்புநீரோடு பைகார்பனேட்டும் சேர்த்தபின் அந்தச் சாவுகளும் குறைந்தன. ஆகவே, முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஆசியாவின் மருத்துவமனைகளில் வாந்திபேதிக்கு நல்ல சிகிச்சை இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த காலமும் இதுவே. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்கை அணுகியதும் நேராகத் தோட்டத்துக்குச் செல்லவில்லை. ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் வாந்திபேதியோ அம்மையோ இருந்தால் அங்கே வைத்துப் பார்த்த பின்னரே சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்பினர். தோட்டங்களில் டிரஸ்ஸர் இருந்தார். குறைகள் பல இருந்தாலும் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தபின் அந்த ஏற்பாடுகள் அனைத்தும் சிதைந்தன.

ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை, கூலி இல்லை. அந்த வேளையில் சயாமில் ரயில் பாதை போட ஆள் தேவை என்ற அழைப்பு வந்தது. முதலில் ஆசை காட்டினர். பின்னர் பிடித்தே ஏற்றினர். தாய்லாந்தின் பான் போங்கிற்கு அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்குக் குறையாது என்பர். அவர்களுள் இறந்தோர் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். தெற்கிலிருந்து வந்த சரக்கு வண்டிகள் அலோர் ஸ்டார் நிலையத்தைக் கடந்து, பாடாங் பெசார் வழியாகவே சயாமுக்குள் நுழைந்தன.

1943 மே மாதம் மழை தொடங்கியதும், மேல்பகுதி முகாம்களில் வாந்திபேதி வெடித்தது. ஒரே ஆறு, அதிலேயே குளியல், அதிலேயே கழிவு, அதிலேயே குடிநீர். கடும் வாந்திபேதியில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். அந்த நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு செறிவில் பைகார்பனேட் போகிறது. இரத்த ஓட்டம் தளர்ந்ததும் திசுக்கள் உயிர்வளியின்றி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. சிறுநீரகமோ நீரின்றி நின்றுவிடுகிறது. அமிலத்தை வெளியேற்ற ஆளில்லை. எஞ்சியிருப்பது நுரையீரல் மட்டுமே. அதுவும் களைத்துப்போகும்போது முடிவு வருகிறது. காலையில் மண் சுமந்தவர் மாலையில் இறந்தார் என்று நம் பெரியவர்கள் சொல்வது மிகைப்பேச்சு அன்று. இந்தக் கணக்கின் விடை அது.

அதே ஆற்றின் கரையில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளின் முகாம்களும் இருந்தன. அவர்களிடமும் மருந்து இல்லை. ஆனால் மருத்துவர்கள் இருந்தனர். மருத்துவர்களிடம் லாட்டாவின் அறிவு இருந்தது. ஹிந்தோக் போன்ற முகாம்களில் தகரங்களைக் கொண்டு நீரைக் காய்ச்சி வடித்தனர். சமையல் உப்பைக் கரைத்தனர். பாட்டிலையும் ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர்க் குழாயையும் இணைத்தனர். ஊசிக்கு மூங்கிலைக்கூடக் கூராக்கினர். டன்லப் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் இம்முயற்சிகளால் நினைவுகூரப்படுகிறார். வெறும் உப்புநீர் காரக் குறையை உடனே போக்காது. எனினும் இரத்த ஓட்டம் திரும்பினால் சிறுநீரகம் மீண்டும் இயங்கும். உடல் தன் கணக்கைத் தானே நேராக்கத் தொடங்கும். அவ்வாறு பலர் பிழைத்தனர். இறந்தவர்களும் பலரே, எப் படைப்பிரிவு என்ற பெயரில் மேல்முகாம்களுக்கு அனுப்பப்பட்ட 7,000 கைதிகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் பல நோய்களால் மாண்டனர்.

தமிழர் முகாம்களில் பெரும்பாலும் மருத்துவரே இல்லை. மருத்துவர் இல்லையென்றால் நீரைக் கொதிக்கவைக்கச் சொல்ல ஆளில்லை. நோயாளியைத் தனியே பிரிக்க ஆளில்லை. பிணத்தை எரிக்க ஒழுங்கு இல்லை. 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும்தான் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆசியத் தொழிலாளர்களுக்கென அனுப்பப்பட்டன. முதற்குழுவில் 230 பேர், இரண்டாவதில் 115 பேர். பல்லாயிரம் நோயாளிகளுக்கு இவ்வளவே. நோய் அதற்குள் தன் அறுவடையின் பெரும்பகுதியை முடித்திருந்தது. வாந்திபேதி கொடிய நோய், அக்காலத்தில் மருந்து இல்லை, அதனால் செத்தார்கள் என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி அன்று. சிகிச்சை 1832-இல் தொடங்கப்பட்டது. 1910-க்குப் பிறகு செம்மையானது. தேவைப்பட்டவை காய்ச்சிய நீர், உப்பு, சோடா, அவற்றைக் கொடுக்கத் தெரிந்த ஒருவர். அவை மறுக்கப்பட்டதால் செத்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லவேண்டியது நம் கடமை.

தப்பி ஓடி வந்தவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் கெடா, தாய்லாந்தின் ஆளுகைக்கு மாற்றப்பட்டிருந்தது. எலும்பும் தோலுமாய் அலோர் ஸ்டாரை வந்தடைந்தவர்களுக்குத் துங்கு அப்துல் ரஹ்மானும் அவரைச் சூழ்ந்த இளைஞர்கள் சிலரும் தங்க இடமும் உணவும் தேடித் தந்தனர். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரானவரின் வாழ்வில் இது அதிகம் பேசப்படாத பக்கம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயருடன் நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அங்குள்ள புத்த ஆலய வளாகம் ஒன்றில் நடுகல் நாட்டப்பட்டது 2023-இல்தான்.

போருக்குப் பின் கதை மீண்டும் கல்கத்தாவுக்குச் செல்கிறது. 1959-இல் சம்புநாத் தே, முயல்களின் குடலைக் கொண்டு, கிருமி வெளியிடும் ஒரு நச்சுப்பொருளே குடலைச் சுரக்கவைக்கிறது என்று நிறுவினார். குடல் புண்ணாவதில்லை, உறிஞ்சும் ஆற்றலும் முற்றாக அழிவதில்லை. சர்க்கரையும் உப்பும் ஒன்றாகச் சென்றால் குடல் இரண்டையும் நீரையும் சேர்த்து உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதும் அடுத்து விளங்கியது. 1968-இல் டாக்காவில் இது நோயாளிகளிடம் மெய்ப்பிக்கப்பட்டது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, பொங்கான் அகதி முகாமில் நாளத்தில் செலுத்தும் திரவம் தீர்ந்தபோது, திலீப் மகலானபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா எனக் கலந்து பீப்பாய்களில் வைத்தார். நோயாளியின் உறவினர்களே கோப்பையால் ஊட்டினர். முப்பது விழுக்காடாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. மகலானபிஸ் 2022-இல் மறைந்தார். இந்திய அரசு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கியது. 1943-இல் சயாமில் சர்க்கரை, உப்பு, சோடா இம்மூன்றும் அரிய பொருள்கள் அல்ல. ஆனால் இந்த அளவும் சேர்க்கையும் அப்போது எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெற்றோருக்காக இரண்டொரு செய்தி. வயிற்றுப்போக்கின்போது கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்கள் உப்புக்கரைசலுக்கு ஈடாகா. அவற்றில் சர்க்கரை மிகுதி, சோடியம் குறைவு. மருந்தகத்தில் கிடைக்கும் பொட்டலத்தை, அதன்மீது குறிப்பிட்ட அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் கேடு. பிள்ளை சோர்ந்து கண் குழிந்தாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் இருந்தாலோ மருத்துவமனைக்கே செல்லவேண்டும். மேலும், இரத்தத்தைக் காரமாக்கும் என்று சொல்லி வீடு வீடாக விற்கப்படும் காரநீர்க் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குடிக்கும் நீர் முதலில் சேர்வது இரைப்பை அமிலத்தில். அதற்கப்பால் நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தைத் தம் அளவிலேயே வைத்துக்கொள்கின்றன. அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு நூல்கள் வாங்கித் தரலாம்.

அப்பொட்டலத்தின் பின்புறத்தைச் சற்றுப் படித்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டுக் கலவையின்படி, ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். சோடாவைக் காணோமே என்று தோன்றும். நம்மைப் போன்ற புழுக்கமான நாடுகளில் சோடா கலந்த பொட்டலங்கள் நிறம் மாறிக் கெட்டுப்போயின. ஆகவே 1984 முதல் அதற்குப் பதிலாகச் சிட்ரேட் பரிந்துரைக்கப்பட்டது. எலுமிச்சையின் அமிலத்திலிருந்து பிறக்கும் உப்பு அது. உடலுக்குள் சென்றதும் ஈரல் அதை எரித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது.